நூறு டன் மணலும் ஆயிரம் மீட்டர் குழாயும்

ஒரு டன் கல்லை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைக்கிறோம். மின்சாரம் தேவைப்படும்போது அதைக் கம்பியில் மெல்ல இறக்கி, அந்த இழுவையில் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றவிடுகிறோம். எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? நிறை, உயரம், புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு அரை நிமிட வேலை. 9,81,000 ஜூல். மின்கட்டணக் கணக்கில் 0.27 யூனிட்.

ஒரு டன் கல், முப்பது மாடி உயரம், அவ்வளவு பாடுபட்டும் கால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான். உராய்விலும் மோட்டாரிலும் போகும் இழப்பை இன்னும் கழிக்கவில்லை. அதே ஒரு டன் எடைக்கு லித்தியம் பேட்டரி வாங்கி வைத்தால் 150 யூனிட்டுக்கு மேல் நிரப்பலாம்.

மின்சாரம் எடுக்க, அதைச் சேர்த்துவைக்க, விண்வெளிக்குப் போக என்று புதுப்புது யோசனைகள் காணொளிகளாக வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவற்றை நான் மனமார விரும்புகிறேன். விரும்புவதால்தான், ஒவ்வொன்றின் தலையெழுத்தையும் தீர்மானிக்கும் எண் எது என்று தேடிப் பார்க்கிறேன். அந்த எண்ணில் இரண்டு வகை உண்டு. ஒன்று இயற்கை வைத்தது. நூறு ஆண்டு உழைத்தாலும் அசையாது. மற்றது பட்டறையில் பிறப்பது; இன்று முடியாவிட்டாலும் நல்ல பொருளும் பணமும் பொறுமையும் சேர்ந்தால் நாளை முடியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் உருப்படியான யோசனையைக் கைவிட்டு, உருப்படாததில் காசைக் கொட்டுவோம்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் லீத் துறைமுகத்தில் கிராவிட்ரிசிட்டி என்ற நிறுவனம் 2021இல் ஒரு சோதனைக் கோபுரம் நிறுவியது. 15 மீட்டர் உயரம், 25 டன் எடைகள் இரண்டு, திறன் 250 கிலோவாட். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் திறன் வேறு, சேமிப்பு வேறு. 50 டன்னையும் 15 மீட்டரையும் பெருக்கிப் பாருங்கள், 2 யூனிட் வரும். 250 கிலோவாட் வீதம் எடுத்தால் அரை நிமிடத்தில் தீர்ந்துபோகும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைச் சேர்த்துவைக்க இப்படி ஐம்பது கோபுரங்கள் வேண்டும். அந்த நிறுவனம் மனத்தில் வைத்திருந்தவை ஆழமான பழைய சுரங்கங்கள். மின்கட்டமைப்பில் நொடிக்கு நொடி வரும் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க அப்படிப்பட்ட அமைப்பு உதவும். ஊருக்கே இரவு முழுவதும் விளக்கெரிக்க அதை நம்புவது யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுவதுதான். சுவிட்சர்லாந்தில் 35 டன் கட்டிகளைக் கிரேனால் அடுக்கி இறக்கிக் காட்டிய எனர்ஜி வால்ட் நிறுவனத்துக்கும் இதே பெருக்கல்தான். எண்ணை வைத்தது இயற்கை.

அப்படியானால் உயரத்தில் சேமிப்பதே வீணா? ஆனைமலையில் உள்ள கடம்பாறை நீரேற்று மின்நிலையம் வேறு பதில் சொல்கிறது. 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய 400 மெகாவாட் நிலையம் அது. மலைக்குள்ளே குடைந்த அறையில் இயந்திரங்கள் இருக்கின்றன. மின்சாரம் மிஞ்சும் வேளையில் மேல் ஆழியாறு அணையின் தண்ணீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை உச்சத்துக்குப் போகும்போது அதே இயந்திரங்கள் வழியே இறக்குகிறார்கள். உயரம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். ஒரு டன் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான் வரும், இங்கேயும் எண் சிறியதே. ஆனால் அணையில் நிற்கும் தண்ணீரைக் கோடி டன் கணக்கில் எண்ணலாம். அந்த எடையை யாரும் கான்கிரீட்டில் வார்க்கவில்லை, அந்த உயரத்தையும் யாரும் கட்டவில்லை. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் வேகமெடுக்கும் மாதங்களில் வாங்க ஆளில்லாமல் மின்சாரம் மிஞ்சுகிறதே, அதைப் பிடித்துவைக்க இன்றைக்கு நம்மிடம் உள்ள பெரிய தொட்டி இதுதான். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள்.

எடையைத் தூக்காமல் சூடாக்கினால் என்ன என்று பின்லாந்துக்காரர்கள் கேட்டார்கள். கன்கான்பா என்ற சிறிய ஊரில் போலார் நைட் எனர்ஜி நிறுவனம் 2022இல் ஓர் இரும்புக் கலத்தில் 100 டன் மணலைக் கொட்டியது. காற்றாலையும் சூரிய பேனலும் மலிவாக மின்சாரம் தரும்போது ஹீட்டரில் காற்றைச் சூடாக்கி, மணலுக்குள் ஓடும் குழாய்களில் சுற்றவிடுகிறார்கள். மணல் 500, 600 டிகிரி வரை ஏறுகிறது. சேமிப்பு 8,000 யூனிட். அதே 100 டன் மணலை 100 மீட்டர் தூக்கி வைத்திருந்தால் கிடைத்திருப்பது 27 யூனிட். ஏறக்குறைய முந்நூறு மடங்கு வித்தியாசம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த வெப்பத்தைத் திரும்ப மின்சாரமாக்கப் போனால் பாதிக்கு மேல் கையைவிட்டுப் போய்விடும். அதனால் அவர்கள் மின்சாரமாக்கவே இல்லை. அது குளிர் நாடு. வீடுகளுக்கும் நீச்சல் குளத்துக்கும் குழாய் வழியே வெந்நீர் அனுப்பும் ஏற்பாடு ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. வெப்பமாகவே கொடுத்துவிடுகிறார்கள். யோசனை பிழைத்ததற்கு அதுதான் காரணம். நம் ஊரில் வீட்டைச் சூடாக்கும் தேவை யாருக்கும் இல்லை. ஆனால் சாயப்பட்டறைகளும் பால் பதப்படுத்தும் ஆலைகளும் அரிசி ஆலைகளும் விறகும் நிலக்கரியும் எரித்து நீராவி எடுக்கின்றன. மணல் கலத்துக்கு இங்கே வேலை இருந்தால் அது அங்கேதான் இருக்கும்.

சேமிக்கும் தலைவலி எங்கிருந்து வருகிறது? சூரியன் மறைவதிலிருந்து. அது மறையாத இடத்திலேயே பேனலை வைத்துவிட்டால்? 1968இல் அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் கிளேசர் இப்படித்தான் கேட்டார். பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், டிவி செயற்கைக்கோள்கள் நிற்கும் பாதையில், இரவு என்பது அநேகமாக இல்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய சில வாரங்களில் மட்டும் நாளுக்கு அதிகபட்சம் 70 நிமிடம் பூமியின் நிழல் விழும். மேகமும் தூசியும் கிடையாது. ஒரு சதுர மீட்டரில் 1,361 வாட் வெயில். அதை மின்சாரமாக்கி, நுண்ணலையாக மாற்றித் தரைக்கு அனுப்பி, ஆன்டெனா விரிப்பில் பிடித்து மீண்டும் மின்சாரமாக்குவது திட்டம்.

இங்கே அந்த எண் அலையின் விரிவில் ஒளிந்திருக்கிறது. எந்த அலையையும் முழுக்கக் குவித்து நேர்கோட்டில் அனுப்ப முடியாது, போகப்போக விரியும். 12 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலையை ஒரு கிலோமீட்டர் அகல ஆன்டெனாவிலிருந்து அந்த உயரத்தில் அனுப்பினால், தரைக்கு வரும்போது அதன் அகலம் சுமார் 10 கிலோமீட்டர். மேலே ஆன்டெனாவைச் சிறிதாக்கினால் கீழே வட்டம் இன்னும் பெரிதாகும். அலைநீளத்தைக் குறைத்தால் மழையும் ஈரக்காற்றும் விழுங்கும். ஆகவே இதைச் சிறிதாகத் தொடங்கவே முடியாது. மாடியில் ஒரே ஒரு பேனல் போட்டு ஆரம்பிக்கலாம். இங்கே ஆரம்பமே ராட்சத அளவு. 1970களின் இறுதியில் அமெரிக்க அரசு ஆராய்ந்த மாதிரி 5,000 மெகாவாட்டுக்கு ஆனது. அதன் பேனல் பரப்பு 10 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம். எடை பல பத்தாயிரம் டன். பன்னாட்டு விண்வெளி நிலையம் மொத்தமே 420 டன்தான், அதைக் கட்டி முடிக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

2023இல் கலிபோர்னியாவின் கால்டெக் ஒரு சிறிய கருவியை விண்ணில் வைத்து, அங்கிருந்து நுண்ணலையைத் தங்கள் வளாகக் கூரையில் உள்ள உணரிக்கு அனுப்பிக் காட்டியது. கொள்கை சரி என்பதற்கு அது சாட்சி. ராக்கெட்டுகள் திரும்பி வந்து இறங்கத் தொடங்கியபின் ஏவும் செலவும் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அது பட்டறை வைத்த எண். ஆனாலும் தரையில் பேனலும் பேட்டரியும் விலை சரிந்துவரும் வேகத்தை விண்வெளி மின்நிலையம் எட்டிப் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை.

ராக்கெட்டே வேண்டாம், அந்த 36,000 கிலோமீட்டரிலிருந்து தரைவரை ஒரு கயிறு தொங்கவிட்டு லிஃப்டில் ஏறலாம் என்ற யோசனையும் உண்டு. 1960இல் ரஷ்யப் பொறியாளர் யூரி அர்ட்சுதானோவ் அதை எழுதினார். இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1979இல் அதை நாவலாக்கினார். கயிறு பூமத்தியரேகையில்தான் இறங்க வேண்டும் என்பதால் கதைக்காக இலங்கையைத் தெற்கே நகர்த்தித் ‘தாப்ரபேன்’ என்று பெயர் வைத்தார். இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: தன் எடையையே தாங்க முடியாமல் கயிறு எவ்வளவு நீளத்தில் அறும்? உயர்ரக எஃகுக் கம்பி இருபது முப்பது கிலோமீட்டரில் அறும். கெவ்லார் என்ற செயற்கை இழை 250 கிலோமீட்டர் தாங்கும். உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறைவதையும் பூமியின் சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே பருமனுள்ள கயிற்றுக்குத் தேவை கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர். கார்பன் நானோகுழாயின் தனி இழை அந்த எல்லையை நெருங்குகிறது. ஆனால் 2013இல் சீனாவில் வளர்த்து உலகை வியக்கவைத்த இழையின் நீளம் அரை மீட்டர்.

சரி, நுண்ணலையால் மின்சாரத்தை அனுப்பலாம் என்றால், ஒளியால் கப்பலையே தள்ள முடியாதா? முடியும். முடிந்திருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. ஒளிக்கு எடை கிடையாது, ஆனாலும் மோதும்போது தள்ளும். பூமியின் தொலைவில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடியை வெயில் தள்ளும் விசை ஒரு நியூட்டனில் பத்து லட்சத்தில் 9 பங்கு. 2010 மே மாதம் ஜப்பானின் ஜாக்ஸா ஏவிய இக்காரஸ் விண்கலம் இதை நம்பியே கிளம்பியது. 14 மீட்டர் சதுரப் பாய். பருமன் 7.5 மைக்ரான், தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதை விரிக்கக் கம்போ சட்டமோ இல்லை. கலத்தைச் சுழலவிட்டார்கள், நான்கு மூலைகளிலும் கட்டிய சிறு எடைகள் வெளியே இழுக்க, மடித்துவைத்த படலம் தானே விரிந்தது. திருப்புவதற்குச் சுக்கானும் இல்லை. பாயின் ஓரங்களில் கால்குலேட்டர் திரையில் இருப்பதுபோன்ற திரவப் படிகத் தகடுகளைப் பதித்திருந்தார்கள். ஒருபக்கத் தகடுகளைப் பளபளப்பாக்கி மறுபக்கத்தை மங்கலாக்கினால் ஒளியின் தள்ளல் இரண்டு பக்கமும் வேறுபடும், பாய் மெல்லத் திரும்பும்.

அந்தப் பாய்மீது அளந்த விசை 1.12 மில்லிநியூட்டன். நம் உள்ளங்கையில் 0.11 கிராம் எடையை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. கலத்தின் எடையோ 300 கிலோவுக்கு மேல். ஒரு நாள் முழுக்கத் தள்ளினால் அதன் வேகம் வினாடிக்கு 30 சென்டிமீட்டர் கூடும். எண் சிறியது, அதை வைத்ததும் இயற்கைதான். ஆனால் இங்கே காலம் கப்பல் பக்கம் நிற்கிறது. எரிபொருள் தீராது, வெயில் நிற்காது. அந்த ஆண்டு டிசம்பரில் இக்காரஸ் வெள்ளிக் கோளைக் கடந்து போனது.

இதையே நட்சத்திரம்வரை நீட்டும் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது: பிரேக்துரூ ஸ்டார்ஷாட். வெயிலுக்குப் பதில் தரையிலிருந்து லேசர்; சில கிராம் எடையுள்ள கலம்; ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு; அருகிலுள்ள ஆல்பா சென்டாரிக்கு இருபது ஆண்டுப் பயணம். வினாடிக்கு 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர் 1 அவ்வளவு தூரம் போக 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதை நினைத்தால் மனம் துள்ளத்தான் செய்கிறது. லேசரின் திறனைப் பாருங்கள்: 1,00,000 மெகாவாட். 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதைப்போல் ஐந்து மடங்கு. அவ்வளவு ஒளியும் சேர்ந்து பாயைத் தள்ளும் விசை 68 கிலோ எடைக்குச் சமம், ஓர் ஆள் ஏறி நிற்பது போல. திறனை ஒளியின் வேகத்தால் வகுத்து இரண்டால் பெருக்கினால் வருவது அதுதான், எந்தப் பொறியாளரும் அதைக் கூட்ட முடியாது. கலத்தைக் கிராம் கணக்கில் சுருக்கியதற்குக் காரணம் இதுவே. சூரியக் குடும்பத்துக்குள் ஒளிப்பாய் நிச்சயம் உலவும். நட்சத்திரங்களுக்குப் போவது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நடக்குமா என்பது சந்தேகமே.

வெயிலைப் பிடிக்க விண்வெளிவரை போனோம். அதை இரவும் பகலும் சேர்த்துவைத்திருக்கும் தொட்டி நம் கரையருகிலேயே கிடக்கிறது. தூத்துக்குடிக் கடலின் மேல்மட்ட நீர் 28 டிகிரி. ஆயிரம் மீட்டர் கீழே போனால் 7 டிகிரி அளவில்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தை வைத்து எந்திரம் ஓட்டலாம் என்று 1881இல் பிரெஞ்சு அறிஞர் தர்சொன்வால் சொன்னார். மேல்நீரின் சூட்டில் அமோனியா கொதித்து ஆவியாகி டர்பைனைச் சுற்றும். ஆழத்திலிருந்து இறைத்த குளிர்நீர் அதை மீண்டும் திரவமாக்கும். இருபத்தோரு டிகிரி வித்தியாசத்துக்கு இயற்கை அனுமதிக்கும் அதிகபட்சத் திறன் 7 விழுக்காடு. நடைமுறையில் 3. குறைவுதான், ஆனால் எரிபொருளுக்குச் செலவில்லை, கடல் ஆறுவதும் இல்லை. ஆகவே இந்த எண் யோசனையைக் கொல்வதில்லை. அது சொல்வதெல்லாம், ஒரு மெகாவாட்டுக்கு வினாடிக்கு இரண்டு மூன்று டன் குளிர்நீர் இறைக்க வேண்டும் என்பதுதான். அவ்வளவு நீரை ஏற்றப் பெரிய குழாய் வேண்டும், ஆயிரம் மீட்டருக்கு.

உண்மையான தடை அந்தக் குழாய். நியான் விளக்கைக் கண்டுபிடித்த ஜார்ஜ் கிளாட் தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1930இல் கியூபாவின் மட்டான்சாஸ் விரிகுடாவில் முயன்றார். முதலில் இறக்கிய குழாய்கள் கடலோடு போயின. கடைசியில் நின்ற குழாயில் 22 கிலோவாட் எடுத்தார்; பம்புகள் தின்றது அதைவிட அதிகம். அந்தக் குழாயும் புயலில் போனது.

நம்மிடமும் இந்தக் கதை உண்டு. 1982இல் சென்னை ஐஐடியில் இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். பிறகு பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ‘சாகர் சக்தி’ என்ற மிதவையில் ஒரு மெகாவாட் நிலையத்தைக் கட்டி, 2000களின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலுக்குக் கொண்டுபோனது. ஒரு மீட்டருக்கு நெருங்கிய விட்டமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள பாலிஎத்திலீன் குழாயை அங்கே தொங்கவிட வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் நீரில் மிதக்கும். மிதக்கவைத்தே இழுத்துப்போய், ஒரு முனையில் எடை கட்டி நிமிர்த்த வேண்டும். படுத்திருக்கும் குழாய் செங்குத்தாகத் திரும்பும் அந்தச் சில மணி நேரத்தில் நீரோட்டம் ஒரு பக்கம் வளைக்கும், அலையில் மிதவை ஏறி இறங்கி மேல்முனையை உலுக்கும். அங்கேதான் தோற்றார்கள். டர்பைனில் குறையில்லை, கணக்கும் சரி, குழாய்தான் நிலைக்கவில்லை.

ஆனால் அந்த அனுபவம் வீண்போகவில்லை. அதே பொறியாளர்கள் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் சிறிய குழாயை வெற்றிகரமாக இறக்கினார்கள். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீர் வந்தது. வெதுவெதுப்பான மேல்நீரைக் காற்றழுத்தம் குறைத்த அறைக்குள் விட்டால் அதில் ஒரு பகுதி தானே ஆவியாகும். குளிர்நீரால் அந்த ஆவியைப் பிடித்தால் நல்ல தண்ணீர். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். உவர்ப்பேறிய கிணறுகளை நம்பியிருந்த தீவு அது. மினிக்காயிலும் அகத்தியிலும் அதே நிலையங்கள் வந்தன. ஒரு குறை மட்டும் பாக்கி: பம்புகளை ஓட்டப் பெருநிலத்திலிருந்து கப்பலில் வரும் டீசல் வேண்டியிருக்கிறது.

அந்த டீசலையும் விலக்க, கடலின் வெப்ப வித்தியாசத்திலேயே 65 கிலோவாட் எடுக்கும் நிலையத்தைக் கவரத்தியில் அமைக்கும் பணியைக் கழகம் கையில் எடுத்திருக்கிறது. பெரிய குழாய், பெரிய ஆழம், மறுபடியும் அதே கடல். இங்கே எதிரே நிற்பது பட்டறை வைத்த எண். அது இறங்கக்கூடியது. இந்தக் குழாய் அறுந்தால் அடுத்ததற்கும், அதுவும் அறுந்தால் அதற்கடுத்ததற்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கும்போது வரிப்பணம் கடலில் போகிறது என்று யாராவது சொன்னால், படித்தவர்கள் எழுந்து மறுத்துப் பேச வேண்டும்.